சென்ட்ரலும் எழும்பூரும்: அகலப்பாதை வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இரண்டு நிலையங்கள் எதற்கு?

தாமிரபரணிக்கரை:

தெற்கிலிருந்து வரும் உறவினர்களை எழும்பூரில் இறக்கி, அங்கிருந்து சென்ட்ரலுக்கு அழைத்துச் சென்று டெல்லி வண்டியிலோ ஹவுரா வண்டியிலோ ஏற்றிவிடும் வேலை எங்கள் வீட்டில் ஆண்டுதோறும் வருகிறது. இரண்டு நிலையங்களுக்கும் இடையே இரண்டு கிலோமீட்டர் தூரம்கூட இருக்காது. ஆனால் மூட்டை முடிச்சுகளுடன் வரும் எழுபது வயதுக்காரருக்கு அந்தத் தூரம்தான் பயணத்தின் கடினமான பகுதி.

மதுரை, நெல்லை, ராமேசுவரம் போக எழும்பூர். கோவை, பெங்களூர், கேரளம், வடஇந்தியா போக சென்ட்ரல். ஒன்று மீட்டர்பாதை நிலையம், மற்றொன்று அகலப்பாதை நிலையம் என்பதால் இப்படிப் பிரிந்தது என்று சிறுவயதில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தென்மாவட்டங்களின் முக்கியத் தடங்கள் எல்லாம் அகலப்பாதையாகிவிட்டன. அப்படியிருக்க நெல்லை எக்ஸ்பிரஸ் ஏன் சென்ட்ரலுக்கு வரக்கூடாது? அல்லது டெல்லி வண்டி ஏன் எழும்பூரிலிருந்து புறப்படக்கூடாது? வெறும் பழக்கத்தால் இப்படியே தொடர்கிறதா, வேறு காரணம் உண்டா? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றி உடையவனாக இருப்பேன்.

பழைய அட்டவணை:

கேள்விக்கு இரண்டு பகுதிகள் உள்ளன. ஏன் பிரிந்தது என்பதை நான் சொல்கிறேன். ஏன் இன்னும் சேரவில்லை என்பதைத் தண்டவாளத்தில் வேலை பார்த்தவர்கள் சொல்வதே முறை.

தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கியது. அதை இயக்கியது மதராஸ் ரயில்வே என்ற நிறுவனம். துறைமுகத்துக்கும் வெள்ளைக்கார வணிகர்களின் கிடங்குகளுக்கும் அருகில் இருந்ததால் ராயபுரமே முதல் முனையமாயிற்று. சென்ட்ரல் 1873இல் இரண்டாவது முனையமாகத்தான் வந்தது. அப்போது அதில் நான்கே நடைமேடைகள் இருந்தன. கட்டடத்தை வடிவமைத்தவர் ஜார்ஜ் ஹார்டிங். பிறகு ராபர்ட் சிசோம் சில மாற்றங்களைச் செய்தார். இன்று நாம் காணும் மணிக்கூண்டோடு கூடிய முகப்பு 1900 வாக்கில்தான் முழுமை பெற்றது. கடற்கரைப் பாதை தெற்கே நீண்டு, ராயபுரம் முனையம் என்ற தகுதியை இழந்த 1907ஆம் ஆண்டுக்குப் பிறகே சென்ட்ரல் நகரின் தலைமை நிலையமாயிற்று.

தெற்கே நடந்தது வேறு கதை. அங்கே பாதை போட்டது திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்ட தென்னிந்திய ரயில்வே. அது வேறு நிறுவனம், அதன் பாதையின் அளவும் வேறு. மதராஸ் ரயில்வேயின் தண்டவாளங்களுக்கு இடையே 1,676 மில்லிமீட்டர் (அகலப்பாதை), இவர்களுடையதில் 1,000 மில்லிமீட்டர் (மீட்டர்பாதை). ஒருவருடைய வண்டி மற்றவருடைய பாதையில் ஒரு அடிகூட நகர முடியாது. எனவே தென்னிந்திய ரயில்வே தனக்கென்று நகரில் ஒரு முனையத்தைக் கட்டிக்கொண்டது. ஹென்றி இர்வின் வடிவமைக்க, பெங்களூர் ஒப்பந்ததாரர் சாமிநாத பிள்ளை கட்டிய எழும்பூர் நிலையம் 1908 ஜூன் 11 அன்று திறக்கப்பட்டது. செலவு 17 லட்சம் ரூபாய். அதே 1908இல்தான் மதராஸ் ரயில்வேயின் பெரும்பகுதி சேர்ந்து மதராஸ் அண்டு சதர்ன் மராட்டா ரயில்வே உருவானது. சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இன்றும் தெற்கு ரயில்வேயின் தலைமையகமாக இருக்கும் கட்டடம் 1922இல் அவர்கள் கட்டியது. இலங்கை போகிறவர்கள் தனுஷ்கோடி வரை ரயிலில் சென்று கப்பல் ஏறிய ‘போட் மெயில்’ எழும்பூரின் பெருமை. ஹவுராவுக்கும் பம்பாய்க்கும் போன மெயில் வண்டிகள் சென்ட்ரலின் பெருமை.

1951 ஏப்ரல் 14 அன்று இவ்விரு நிறுவனங்களும் மைசூர் அரசு ரயில்வேயும் இணைந்து தெற்கு ரயில்வே ஆயின. முதலாளி ஒருவரானாலும் பாதை இரண்டாகவே இருந்தது. நகரத்துக்குள்ளே 1931இலேயே மின்சார வண்டி ஓடத் தொடங்கிய கடற்கரை – தாம்பரம் தடம்கூட மீட்டர்பாதைதான். தெற்கே போகும் முக்கியத் தடங்கள் 1990களின் இறுதியில் அகலமாகின. கடற்கரை – தாம்பரம் இடையே கடைசி மீட்டர்பாதை மின்சார வண்டி ஓடியது 2004 ஜூலை 1 அன்று. ஆகவே நூறாண்டு காலம் இரண்டு நிலையங்களும் ஒன்றையொன்று பாராமல் தனித்தனியே வளர்ந்தன. அவற்றுக்கு நடுவே சந்திப்பு ஏற்படுத்த வேண்டிய தேவையே யாருக்கும் இருக்கவில்லை.

தாமிரபரணிக்கரை:

மிக்க நன்றி ஐயா. ஆனால் 2004க்குப் பிறகு ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. பாதை ஒன்றான பிறகும் வண்டிகள் பழைய நிறுவனங்களின் எல்லைப்படியே நிற்பதற்கு என்ன காரணம்?

வியாசர்பாடி கேபின்:

நான் இயக்கப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். காரணம் பழக்கமன்று, தண்டவாளம் கிடக்கும் கிடப்பு. ஒரு சென்னை வரைபடத்தை எதிரே வைத்துக்கொண்டு படித்தால் எளிதில் விளங்கும்.

சென்ட்ரல் ஒரு முட்டுச்சந்து. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே நுழைந்தால் நடைமேடைகளின் தலைப்பு தெரியும். தண்டவாளங்கள் அங்கே முடிந்துவிடுகின்றன. எல்லா வண்டியும் வடக்கே பேசின் பிரிட்ஜ் பக்கமாகத்தான் வெளியேற வேண்டும், உள்ளே வருவதும் அந்த வழியேதான். எழும்பூர் அப்படியன்று. அது கடற்கரையிலிருந்து கோட்டை, பூங்கா வழியாக வந்து சேத்துப்பட்டு, மாம்பலம், தாம்பரம் என்று தெற்கே நீளும் பாதையின் நடுவில் இருக்கிறது. வண்டி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் போய்விடலாம். இந்தக் கடற்கரைப் பாதை சென்ட்ரலின் எதிரே, சாலைக்கு அந்தப் புறம், பூங்கா நிலையத்தில் செல்கிறது. சென்ட்ரல் தண்டவாளத்துக்கும் பூங்கா தண்டவாளத்துக்கும் இடையே ஒரு சாலையும் அதன் ஓரங்களும்தான். ஆனால் ஒன்று மற்றொன்றைக் குறுக்காகப் பார்க்கிறது. நெடுஞ்சாலையைத் தாண்டி, இத்தனை குறுகிய இடத்தில் ஒரு நீண்ட வண்டி திரும்பும் அளவுக்கு வளைவு போட முடியாது.

அப்படியானால் நெல்லை எக்ஸ்பிரஸ் சென்ட்ரலுக்கு எப்படி வரும்? எழும்பூரைத் தாண்டி, பூங்கா, கோட்டை, கடற்கரை, ராயபுரம், வண்ணாரப்பேட்டை என்று வடசென்னையைச் சுற்றி, பேசின் பிரிட்ஜ் வந்து, அங்கிருந்து தெற்கே திரும்பிச் சென்ட்ரலுக்குள் நுழைய வேண்டும். நடந்தால் அரை மணி நேரத்தில் கடக்கும் தூரத்துக்குச் சுமார் பத்து கிலோமீட்டர் சுற்று. அதுவும் நாட்டிலேயே நெருக்கடி மிகுந்த தண்டவாளத் துண்டுகளில் இரண்டின் மேல்.

முதல் துண்டு பேசின் பிரிட்ஜ். சென்ட்ரலுக்கு வந்த எவருக்கும் இது தெரியும். குறித்த நேரத்தில் பெரம்பூரைத் தாண்டிய வண்டி, மணிக்கூண்டு கண்ணுக்குத் தெரியும் தொலைவில், காரணம் சொல்லாமல் நின்றுவிடும். சக பயணிகள் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலருகே வரிசையாக நிற்பார்கள். சிலர் இறங்கித் தண்டவாளத்தில் நடக்கவும் துணிவார்கள் (தயவுசெய்து வேண்டாம்). ஏன் நிற்கிறது? அரக்கோணம் பக்கப் பாதையும் கூடூர் பக்கப் பாதையும் அங்கேதான் பிரிகின்றன. ஒரு நடைமேடையிலிருந்து வடக்கே கிளம்பும் வண்டியும், மேற்கிலிருந்து வந்து வேறொரு நடைமேடைக்குப் போக வேண்டிய வண்டியும் ஒன்றின் பாதையை மற்றொன்று குறுக்கே வெட்டுகின்றன. ஒன்று கடக்கும்வரை மற்றது காத்திருந்தே ஆக வேண்டும்.

இதோடு முடியவில்லை. முட்டுச்சந்து நிலையத்தில் ஒரு வண்டி வந்து நின்றால், அதை இழுத்து வந்த எஞ்சின் பெட்டிகளுக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்ளும். பயணிகள் இறங்கிய பிறகு, வேறொரு ஷண்டிங் எஞ்சின் பின்பக்கம் வந்து மாட்டி, காலிப் பெட்டிகளைப் பேசின் பிரிட்ஜ் யார்டுக்கு இழுத்துக்கொண்டு போனால்தான் முதல் எஞ்சினுக்கு விடுதலை. அந்தக் காலி ரேக்கும் (பெட்டித் தொடரும்) அதே வாய்க்கால் வழியாகத்தான் போகிறது. கழுவி, தண்ணீர் நிரப்பி, சோதித்து, மாலையில் மறுபடியும் அதே வழியாக உள்ளே வருகிறது. ஆகப் பயணிகள் ஒரு வண்டி என்று எண்ணுவது எங்களுக்கு நான்கு நகர்வுகள்.

இரண்டாவது துண்டு, கடற்கரைக்கும் எழும்பூருக்கும் இடைப்பட்ட நாலரைக் கிலோமீட்டருக்கும் குறைவான பாதை. எழும்பூரிலிருந்து தாம்பரம் வரை நான்கு தடங்கள் உண்டு. ஆனால் கடற்கரைப் பக்கம் நெடுங்காலம் மூன்றே தடங்கள்தான். அவற்றில் இரண்டில் புறநகர் வண்டிகள். மிச்சமிருந்த ஒற்றைத் தடத்தில்தான் வடக்கையும் தெற்கையும் இணைக்கும் எல்லா எக்ஸ்பிரஸ்களும், இரு திசைகளிலும், சரக்கு வண்டிகளும் உட்பட. வடக்கிலிருந்து ஒன்று வந்துகொண்டிருந்தால் தெற்கிலிருந்து வருவது எழும்பூரில் காத்துக்கிடக்கும். இப்படிப்பட்ட ஊசிக்கண் வழியாக நெல்லை, மதுரை, திருச்சி வண்டிகளை எல்லாம் சென்ட்ரலுக்கு அனுப்பு என்றால் கட்டுப்பாட்டு அறையில் யார் கையெழுத்துப் போடுவார்கள்?

கூவக்கரையான்:

கேபின் ஐயா எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அந்த நான்காவது தடம் இப்போது வந்துவிட்டது. 2023 ஆகஸ்டில் வேலை தொடங்கி, 2025இல் பயன்பாட்டுக்கு வந்தது. கேட்பதற்குச் சிறு வேலைபோல் தோன்றும். ஆனால் ஒரு பக்கம் கூவம், மறுபக்கம் கோட்டையும் ரிசர்வ் வங்கியும் என்று நெருக்கியடித்த இடத்தில் ஒரு தடத்துக்கு இடம் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. பறக்கும் ரயில் ஓடிக்கொண்டிருந்த தடத்தையே எடுத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டியிருந்ததால், கடற்கரைக்கும் சிந்தாதிரிப்பேட்டைக்கும் இடையே அந்தச் சேவை நிறுத்தப்பட்டது. ஏழு மாதம் என்று அறிவித்தார்கள். 2023 ஆகஸ்ட் 27 அன்று நின்றது, 2024 அக்டோபர் 29 அன்றுதான் மீண்டும் ஓடியது. வேளச்சேரி, திருவான்மியூர், மயிலாப்பூர் மக்கள் பதினான்கு மாதங்கள் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கிப் பேருந்துக்கு அலைந்தார்கள்.

வில்லிவாக்கத்தாள்:

எக்ஸ்பிரஸ் வண்டிகளைப் பற்றியே எல்லோரும் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். சென்ட்ரலுக்குத் தினந்தோறும் வந்து போகும் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த நிலையம் என்றால் மூர்மார்க்கெட் வளாகம்தான். அரக்கோணம், திருவள்ளூர், ஆவடியிலிருந்தும், கும்மிடிப்பூண்டி, சூலூர்ப்பேட்டையிலிருந்தும் வரும் புறநகர் வண்டிகள் அங்கேதான் நிற்கின்றன. 1985 மே மாதம் எரிந்துபோன பழைய மூர்மார்க்கெட் இருந்த இடம் அது. பழைய புத்தகங்களும் கிராமபோன் தட்டுகளும் விற்ற சந்தை என்று என் தந்தையார் சொல்வார். இப்போது அங்கே பயணச்சீட்டு வரிசைதான் இருக்கிறது.

எங்கள் பாடு என்னவென்றால், நாங்கள் இறங்குவது சென்ட்ரல், வேலை செய்வது கிண்டியிலோ தாம்பரத்திலோ. இறங்கிய கூட்டம் அப்படியே சுரங்கப்பாதைக்குள் இறங்கி, சாலையைக் கடந்து, பூங்கா நிலையத்தில் ஏறுகிறது. மாலையில் இதுவே தலைகீழாக. இரண்டு புறநகர்த் தடங்களுக்கும் இடையே ஒரே நடைமேடையில் மாறும் வசதி 1979இல் இந்தப் பக்கம் மின்சார வண்டி வந்தபோதும் கிடையாது, இன்றும் கிடையாது. கேபின் ஐயா சொன்ன அந்தச் சாலையின் அகலத்தை நாங்கள் தினமும் காலால் அளக்கிறோம். ஆகவே எழும்பூர், சென்ட்ரல் இணைப்பைப் பற்றிப் பேசும்போது ஆண்டுக்கு ஒருமுறை டெல்லி போகிறவர்களை முன்னிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதற்கு ஒரு மாற்றும் உண்டு. ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் வண்டிகளில் சில, பேசின் பிரிட்ஜைத் தொடாமல் வியாசர்பாடி ஜீவாவிலிருந்து வண்ணாரப்பேட்டை, ராயபுரம் வழியாகக் கடற்கரைக்குப் போகின்றன. அவற்றில் ஏறினால் கடற்கரையில் இறங்கித் தாம்பரம் வண்டியிலோ வேளச்சேரி வண்டியிலோ மாறிக்கொள்ளலாம். சாலையைக் கடக்க வேண்டாம். ஆனால் அவை எண்ணிக்கையில் குறைவு. அந்த வண்டிகளைக் கூட்டினால் சென்ட்ரல் வாசலில் கூட்டம் பாதியாகக் குறையும் என்பது என் எண்ணம்.

வியாசர்பாடி கேபின்:

அம்மா சொல்வது முற்றிலும் சரி. இந்த யோசனையைப் பணியில் இருந்த காலத்திலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். அதற்கும் தடையாக இருந்தது ராயபுரம், கடற்கரை பகுதியில் போதிய தடங்கள் இல்லாமையும், கடற்கரையில் வண்டி திரும்புவதற்குத் தேவையான நடைமேடைகள் போதாமையும்தான்.

தாமிரபரணிக்கரை:

சென்ட்ரலுக்குத் தெற்கு வண்டி வர முடியாது என்பது புரிந்தது. வடக்கு வண்டிகளை எழும்பூருக்குக் கொண்டுவரலாம் அல்லவா? அது முட்டுச்சந்து அல்லவே.

பழைய அட்டவணை:

ஓரளவுக்கு அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. முன்பு சென்ட்ரலிலிருந்து புறப்பட்ட ஐதராபாத் சார்மினார் எக்ஸ்பிரஸ் இப்போது தாம்பரத்திலிருந்து கிளம்பி எழும்பூர் வழியாகப் போகிறது. காக்கிநாடா சர்கார் எக்ஸ்பிரஸும் எழும்பூர் வழிதான். காச்சிகுடா வண்டியும் எழும்பூர் வழியாகத்தான் போகிறது. மறுபக்கமும் ஒரு வேடிக்கை உண்டு. சென்ட்ரலிலிருந்து மதுரைக்கும் வண்டி இருக்கிறது. காட்பாடி, சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல் என்று மேற்கே சுற்றி மதுரை போய், இப்போது போடிநாயக்கனூர் வரை நீள்கிறது. ‘தெற்கு என்றால் எழும்பூர்’ என்ற பழைய சூத்திரத்தை நம்பி நிலையம் மாறிப் போனவர்களின் கதைகள் ஏராளம்.

ஆனால் மொத்தமாக எழும்பூருக்கு மாற்ற இடம் இல்லை. எழும்பூரில் நடைமேடைகள் 11. அவற்றில் புறநகர் வண்டிகளுக்கும் பங்கு உண்டு. சென்ட்ரலில் மூர்மார்க்கெட் வளாகத்தையும் சேர்த்து 17. இவ்வளவு இருந்தும் இரண்டிலும் மாலை நேரத்தில் நடைமேடை காலியாவதற்காக வண்டிகள் வெளியே காத்திருக்கின்றன. போதாக்குறைக்கு எழும்பூர் நிலையத்தையே சுமார் 735 கோடி ரூபாய் செலவில் சீரமைக்கிறார்கள். 2022 மே மாதம் அடிக்கல் நாட்டப்பட்டது. அந்த வேலைக்காகச் சில வண்டிகளைத் தாம்பரத்துக்கும் கடற்கரைக்கும் தற்காலிகமாக மாற்றியதையும் பார்த்தோம்.

திருவொற்றியூர் தேரடி:

எங்கே இடமில்லை என்றாலும் உடனே ‘தாம்பரத்துக்கு மாற்று’ என்கிறார்கள். அதுதான் எனக்கு ஒப்பவில்லை. தாம்பரம் மூன்றாவது முனையம் என்று பெயர் சூட்டினார்கள். தென்சென்னைக்கு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் எண்ணூர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டையில் இருக்கும் ஒரு குடும்பம் விடியற்காலை வண்டியைப் பிடிக்கத் தாம்பரம் போக வேண்டுமென்றால் முந்தின இரவே கிளம்ப வேண்டும். மெட்ரோ எங்கள் பக்கம் விம்கோ நகர் வரை 2021இல் வந்தது. ஆனால் அது விமான நிலையத்தோடு நின்றுவிடுகிறது, தாம்பரம் போகாது.

கேட்கிறேன்: தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பிய ராயபுரத்தை ஏன் முனையமாக்கக் கூடாது? முட்டுச்சந்து அல்ல. வடக்கே கூடூருக்கும், மேற்கே அரக்கோணத்துக்கும், தெற்கே எழும்பூருக்கும் அங்கிருந்து நேராகப் போகலாம். சுற்றிலும் ரயில்வே நிலம் இருக்கிறது. துணைக்கண்டத்தில் இன்றும் நிற்கும் ரயில் நிலையக் கட்டடங்களில் மிகப் பழையது அது. வடசென்னைக்காரர்கள் எத்தனை ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்! அமைப்புகள் மனு கொடுத்தன, நீதிமன்றம் வரை போனார்கள். கடைசியில் ‘நான்காவது முனையம் பெரம்பூர்’ என்கிறார்கள்.

வியாசர்பாடி கேபின்:

தேரடி நண்பரின் ஆதங்கம் நியாயமானது. ராயபுரத்தின் அமைப்பைப் பற்றி அவர் சொன்னதும் உண்மை. மூன்று திசைக்கும் நேராகப் போகக்கூடிய இடம் சென்னையில் வேறு இல்லை. ஆனால் முனையம் என்பது நடைமேடை மட்டுமல்ல. பெட்டிகளைக் கழுவவும் அடியில் இறங்கிச் சோதிக்கவும் பிட் லைன், காலி ரேக்குகளை நிறுத்த யார்டு, இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் வந்து இறங்கக்கூடிய சாலை, இவை எல்லாம் வேண்டும். ராயபுரம் நிலையத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் துறைமுகக் கண்டெய்னர் லாரிகள் நிற்கும் நிலை உங்களுக்குத் தெரியாததல்ல.

பெரம்பூருக்கு வேறு பலம் உண்டு. கேரளத்திலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வடக்கே போகும் சில வண்டிகள், சென்ட்ரலுக்குள் நுழைந்து எஞ்சின் மாற்றித் திரும்பும் தொல்லை வேண்டாம் என்று, பெரம்பூரில் மட்டும் நின்றுவிட்டு வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை வழியாகக் கூடூர்ப் பாதைக்குப் போய்விடுகின்றன. சென்ட்ரலில் அரை மணி நேரம் நடைமேடையை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டிய வண்டி அங்கே சில நிமிடங்களில் நகர்ந்துவிடும். ரயில்வே பணிமனைகளும் நிலமும் பக்கத்திலேயே இருக்கின்றன. அதனால்தான் கண் அங்கே போகிறது. ஆனால் இதைச் சொன்ன மாத்திரத்தில் ராயபுரம் வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். நடுத்தரத் தூர வண்டிகள் சிலவற்றையும், வில்லிவாக்கம் அம்மா கேட்ட புறநகர் வண்டிகளையும் திருப்பி அனுப்ப ராயபுரத்தைப் பயன்படுத்தலாம். அதற்கு மாளிகை தேவையில்லை. கூடுதலாக இரண்டு தடமும் ஒரு நடைமேடையும் போதும்.

திருவொற்றியூர் தேரடி:

இரண்டு தடமும் ஒரு நடைமேடையும் கேட்டுத்தான் நாங்களும் இத்தனை காலம் நிற்கிறோம் ஐயா. பெரம்பூர் எங்களுக்குத் தாம்பரத்தைவிடப் பக்கம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் திருவொற்றியூரிலிருந்து பெரம்பூருக்கு நேரான புறநகர் வண்டி கிடையாது. பேசின் பிரிட்ஜில் இறங்கி, மேம்பாலம் ஏறி, வேறு வண்டி மாற வேண்டும். புதிய முனையம் எங்கே வந்தாலும், அதை எட்டும் வழியை முனையத்துக்கு முன்பே போடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை.

மண்ணடிப் பொறியாளர்:

சென்ட்ரலையும் எழும்பூரையும் சுரங்கம் தோண்டி இணைக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. சென்ட்ரல் வாசலில் பூமிக்குள் ஏற்கெனவே மெட்ரோவின் இரண்டு தடங்களும் சந்திக்கின்றன. விமான நிலையம் – விம்கோ நகர் தடம் ஒன்று, பரங்கிமலைத் தடம் மற்றொன்று. அருகிலேயே பக்கிங்காம் கால்வாய், கூவம். நீண்ட எக்ஸ்பிரஸ் வண்டி இறங்கி ஏறச் சரிவு மிக மெல்லியதாக இருக்க வேண்டும். அதாவது பேசின் பிரிட்ஜுக்கு முன்பே இறங்கத் தொடங்கி, எழும்பூரைத் தாண்டித்தான் மேலே வர முடியும். அதற்கு ஆகும் செலவில் வடசென்னைக்கு எத்தனையோ செய்யலாம். என் கணிப்பில், பரங்கிமலை மெட்ரோ தடம் சென்ட்ரலையும் எழும்பூரையும் அடுத்தடுத்த நிலையங்களாக இணைத்த 2018 மே மாதத்திலேயே இந்த யோசனைக்குத் தேவை முடிந்துவிட்டது.

வில்லிவாக்கத்தாள்:

அதைத்தான் முதல் பதிவிலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டும். தாமிரபரணிக்கரை அவர்களே, பெரியவர்களை ஆட்டோவில் ஏற்றி நெரிசலில் நிறுத்தாதீர்கள். எழும்பூரில் இறங்கியதும் மெட்ரோவில் ஏறினால் அடுத்த நிலையமே சென்ட்ரல். மின்தூக்கி இருக்கிறது, நகரும் படிக்கட்டும் இருக்கிறது. காலை ஐந்து மணியிலிருந்து இரவு பதினொன்று வரை ஓடுகிறது. அதற்கு முன்போ பின்போ வந்தால்தான் ஆட்டோ. எழும்பூரிலிருந்து புறநகர் வண்டியில் ஏறிப் பூங்காவில் இறங்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள். செலவு மிகக் குறைவுதான். ஆனால் படிக்கட்டும் சுரங்கப்பாதையும் மூட்டையோடு வரும் பெரியவர்களுக்கு ஆகாது. கைப்பையோடு தனியாகப் போகிறவர்களுக்கு அது போதும்.

மெட்ரோவிலும் ஒரு எச்சரிக்கை: சென்ட்ரலில் இரண்டு தடங்கள் இருப்பதால், திரும்பி வரும்போது எந்த மட்டத்தில் பரங்கிமலை வண்டி வருகிறது என்று பலகையைப் பார்த்து இறங்குங்கள். விமான நிலைய வண்டியில் ஏறிவிட்டால் எழும்பூர் வராது. அடுத்து அரசினர் தோட்டம்தான் வரும்.

பழைய அட்டவணை:

மற்றொன்று. சீட்டில் இருக்கும் நிலையக் குறியீட்டைப் பாருங்கள். சென்ட்ரலுக்கு எம்ஏஎஸ், எழும்பூருக்கு எம்எஸ். 2019இல் சென்ட்ரலுக்குப் புரட்சித் தலைவர் டாக்டர் எம்.ஜி.ராமச்சந்திரன் பெயர் சூட்டிய பிறகும் குறியீடு பழையதுதான். ஓர் எழுத்து வித்தியாசத்தைக் கவனிக்காமல் தவறான நிலையத்தில் நின்றவர்களை ஒவ்வொரு விடுமுறைக் காலத்திலும் பார்க்கலாம். தாம்பரம் என்றால் டிபிஎம்.

பெரியவர்கள் டெல்லிதான் போகிறார்கள் என்றால் சென்னையில் மாறவே தேவையில்லை. கன்னியாகுமரியிலிருந்து நிசாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் திருநெல்வேலியில் நிற்கிறது. எழும்பூர் வழியாகவே வடக்கே போய்விடும். வாரத்தில் இரண்டு நாள்.

தாமிரபரணிக்கரை:

திருக்குறள் எக்ஸ்பிரஸைப் பற்றி எனக்குத் தெரியும், ஐயா. இரண்டு நாள்தான் என்பதால் இடம் கிடைப்பதில்லை. முன்பதிவு தொடங்கும் நாளிலேயே முயன்று பார்க்கிறேன். கிடைக்காவிட்டால் நெல்லை எக்ஸ்பிரஸில் வந்து எழும்பூரிலிருந்து மெட்ரோ. இன்னும் ஒரு சந்தேகம்: நான்காவது தடம் வந்துவிட்ட நிலையில், இப்படி வடக்கே நேராகப் போகும் வண்டிகளைக் கூட்ட வாய்ப்பு உண்டா?

வியாசர்பாடி கேபின்:

கடற்கரை – எழும்பூர் ஊசிக்கண் திறந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் வண்டியைக் கூட்ட வேண்டுமானால் அடுத்த அடைப்பைப் பார்க்க வேண்டும். தெற்கே தாம்பரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் இடையே மூன்று தடங்கள்தான். வடக்கே அத்திப்பட்டைத் தாண்டிக் கும்மிடிப்பூண்டி வரை இரண்டு தடங்களில் புறநகர் வண்டி, எக்ஸ்பிரஸ், எண்ணூர்ப் பக்கத்து நிலக்கரி வண்டி எல்லாம் ஓடுகின்றன. அங்கே மூன்றாவது, நான்காவது தடங்கள் வரும்வரை வாரம் இரண்டு நாள் என்பதை மூன்று நாளாக்குவதே கட்டுப்பாட்டு அறைக்குப் பெரிய காரியம்.